தொடரின் நடுவில் வாசிப்புக் குரல் மாறினால்: ஒலிநூல் கேட்பவருக்கு ஒரு வழிகாட்டி

ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதும் ‘தி தேர்ஸ்டே மர்டர் கிளப்’ என்ற துப்பறியும் கதைத் தொடரின் முதல் நூல் 2020-இல் வெளிவந்தது. அதன் ஒலி வடிவத்தை வாசித்தவர் லெஸ்லி மேன்வில். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் நூலையும் அவரே வாசித்தார். 2022-இல் வந்த மூன்றாம் நூலான ‘தி புல்லட் தட் மிஸ்ட்’டை நான் ஆவலோடு தொடங்கியபோது காதில் விழுந்தது ஃபியோனா ஷாவின் குரல். இருவரும் தேர்ந்த நடிகைகள். நூலாசிரியர் அதே ஆசிரியர். மாந்தர்களும் அதே மாந்தர்கள். இருந்தும் நான்கு அத்தியாயங்களுக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. நன்கு பழகிய வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கிருந்தவர்களெல்லாம் வேறு யாரோபோலத் தோன்றியதால் நூலை மூடிவைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, இம்முறை சற்று முறையோடு, மறுபடி தொடங்கினேன். முழுவதையும் கேட்டேன், 2023-இல் ஷாவே வாசித்து வந்த நான்காம் நூலையும் கேட்டேன். இன்று இரு குரல்களும் எனக்கு நெருக்கமானவை. இடையில் நான் கற்றுக்கொண்ட ஒன்றுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. குரல் மாறும்போது நாம் இழப்பது ஒரு குரலின் இனிமையை மட்டுமன்று. இன்னார் பேசுகிறார், இன்ன மனநிலையில் பேசுகிறார் என்று காது தானாகக் கண்டுகொள்ளும் அடையாளங்களை இழக்கிறோம். அந்த அடையாளங்களை மீண்டும் அமைத்துக்கொள்ள முடியும்; அதற்குச் சில மணி நேரமும் கொஞ்சம் கவனமும் செலவழிக்க வேண்டும்.

இந்த வகைக் கதைகளில் உறுத்தல் ஏன் மிகுதி

ஆங்கிலத்தில் கோஸி மிஸ்டரி என்று சொல்லப்படும் கதைகளில் கொலை உண்டு, ஆனால் குருதி பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. துப்புத் துலக்குபவர் காவல்துறை அதிகாரியாக இருப்பதில்லை. ஓய்வுபெற்ற ஒருவராகவோ, கடை நடத்தும் பெண்மணியாகவோ இருப்பார். களம் ஒரு கிராமமாகவோ சிறு நகரமாகவோ இருக்கும். வாசகர் ஒவ்வொரு நூலுக்கும் திரும்பி வருவது புதிய கொலையைத் தேடி மட்டுமல்ல; பழைய மனிதர்களைப் பார்க்கத்தான் வருகிறார். அச்சில் படிப்பவர் அம்மனிதர்களைத் தம் மனக்குரலில் கேட்கிறார். ஒலிநூல் கேட்பவருக்கோ வாசிப்பவரின் குரலே அம்மனிதர்கள். அதனால்தான் நூலுக்கு நூல் புதிய களமும் புதிய மாந்தர்களும் வரும் பரபரப்பு நாவல்களில் குரல் மாற்றம் பெரிதாகத் தெரிவதில்லை. இங்கே நெஞ்சில் தைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசாததால் நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். துப்பறியும் கதை எழுத்தாளர் ரானல்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். 1930-இல் லண்டனில் அமைந்த டிடெக்‌ஷன் கிளப்பின் எழுத்தாளர்களும் வாசகரை ஏமாற்றாமல் எழுதுவதை ஒரு நெறியாகக் கொண்டார்கள். துப்பு எதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது துப்பு என்பது உடனே தெரியவும் கூடாது. கோஸி கதைகள் இந்த நெறியின் வழிவந்தவை. அச்சில் துப்பு ஒரு வாக்கியத்தின் நடுவில் அமைதியாகக் கிடக்கும். ஒலியில் அதன் கதி வாசிப்பவரின் மூச்சைப் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துச் சொல்கிறேன். “தோட்டக்காரர் உள்ளே வந்தார், கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார், தேநீர் இருக்கிறதா என்று கேட்டார்.” இதில் கையுறைதான் துப்பு என்று வைத்துக்கொள்வோம். நல்ல வாசிப்பாளர் மூன்று செயல்களையும் ஒரே எடையில் சொல்லிவிட்டுப் போவார். அவருக்குப் பழகிய நம் காது, அவர் எங்கேனும் அரை நொடி நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று கற்றுவைத்திருக்கும். புதிதாக வருபவர் இயல்பாகவே நிறுத்தி நிறுத்தி வாசிப்பவராக இருந்தால், கையுறைக்குப் பின் அவர் விடும் இடைவெளி வெறும் மூச்சாக இருக்கலாம். நாம் அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்வோம். அப்புறம் தேநீருக்கும் நாற்காலிக்கும் கதவின் கிறீச்சொலிக்கும் அதே குறிப்பை ஏற்றி, நூல் முழுவதும் தவறான ஆட்களைச் சந்தேகித்துக் களைத்துப்போவோம். ஆகவே புதிய குரலோடு செல்லும் முதல் சில மணி நேரத்தில், தொனியை வைத்து மட்டும் யார்மீதும் சந்தேகம் கொள்ளாதீர்கள். சொற்களை மட்டும் பற்றிக்கொள்ளுங்கள். வாசிப்பாளரின் இயல்பான நடை எது, அவர் வேண்டுமென்றே தரும் அழுத்தம் எது என்று காது பிரித்துக்கொள்ளும்வரை இந்தக் கட்டுப்பாடு உதவும்.

தொடங்கும் முன்பு

முதலில் எந்தப் பதிப்பை வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஒலி உரிமை நாட்டுக்கு நாடு வெவ்வேறு பதிப்பாளரிடம் இருக்கக்கூடும். ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள் இருப்பது அரிதன்று. போட்ஸ்வானாவில் நடக்கும் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்தின் ‘நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி’ தொடரை அமெரிக்கப் பதிப்பில் லிசெட் லெகாட் வாசித்திருக்கிறார். பிரிட்டிஷ் பதிப்பில் அஜோவா ஆண்டோ வாசித்திருக்கிறார். தொடரின் ஒரு பகுதியை நூலகச் செயலியிலும் மறுபகுதியைக் கடையிலும் எடுப்பவருக்கு, வாசிப்பாளர் யாரும் விலகாமலேயே குரல் மாறிவிடும். ஆகவே குரல் மாறியிருப்பதைக் கண்டதும், பழைய வாசிப்பாளரின் பெயரை நூலின் தலைப்போடு சேர்த்து ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் பழகிய குரலிலேயே வேறொரு பதிப்பு இருந்தால் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

உண்மையாகவே வாசிப்பாளர் மாறியிருந்தால் அதற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். மேடையிலும் திரையிலும் நடிப்பவர்களுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் பல நாள் அமரத் தேதி கிடைக்காமல் போகும்; பதிப்பாளர் மாறுவார்; வாசித்தவர் நோயுறுவார், ஓய்வுபெறுவார், மறைவார். ஆசிரியரே வேறு குரலை விரும்புவதும் உண்டு. காரணம் தெரியாதபோது நாமாக ஒன்றைக் கற்பித்துக்கொண்டு புதியவர்மீது கோபப்படுவது நியாயமல்ல. வந்தவர் யாருடைய இடத்தையும் பறித்துக்கொண்டு வரவில்லை.

மாதிரி ஒலித்துண்டைக் கேட்டு முடிவெடுப்பது நாம் எல்லோரும் செய்கிற தவறு. அந்தத் துண்டு பெரும்பாலும் நூலின் தொடக்கத்திலிருந்து சில நிமிடங்களே இருக்கும். அங்கே வருணனை மிகுதி, உரையாடல் குறைவு. வாசிப்பாளர் நான்கு பேரை ஓர் அறையில் எப்படிப் பேசவைக்கிறார் என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது. மாதிரித் துண்டு ஒலிப்பதிவின் தரத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் உதவும்.

முந்தைய நூலை முடித்த கையோடு புதிய குரலைத் தொடங்க வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்வேன். நான் இரண்டாம் நூலின் கடைசி அத்தியாயத்தை இரவில் முடித்து, மறுநாள் காலை காய்கறி நறுக்கிக்கொண்டே மூன்றாம் நூலைத் தொடங்கினேன். மேன்விலின் குரல் காதில் ஈரம் உலராமல் இருக்கும்போது வேறெந்தக் குரலும் அந்நியமாகத்தான் ஒலிக்கும். ஒரு வாரமேனும் இடைவெளி விடுங்கள். இடையில் வேறு வகை நூலொன்றைக் கேட்டால் இன்னும் நல்லது.

முதல் மூன்று மணி நேரம்

இந்த அளவை நான் சும்மா சொல்லவில்லை. இத்தகைய நூல்கள் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஓடுபவை. முக்கிய மாந்தர் எல்லோரும் ஒருமுறையேனும் பேசி முடிக்கவும், முதல் விசாரணைக் காட்சி நடக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது. அதற்கு முன் கொடுக்கும் தீர்ப்பு அரைகுறையாகவே இருக்கும்.

வேகத்தை 1.0-இல் வையுங்கள். பழைய வாசிப்பாளரை 1.25-இல் கேட்டுப் பழகியவர்கள் புதியவரையும் அதே வேகத்தில் ஓடவிடுகிறார்கள். பிறகு உணர்ச்சியே இல்லை என்று குறைப்படுகிறார்கள். ஒலிநூல் தயாரிப்புத் தளமான ஏ.சி.எக்ஸ், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 9,300 சொற்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 155 சொற்கள். 1.25 வேகத்தில் அது ஏறத்தாழ 194 ஆகிவிடும். நிதானமாக வாசிப்பவரை அப்படி விரைவுபடுத்தினால் தாங்கிக்கொள்ளலாம். இயல்பிலேயே விரைந்து வாசிப்பவரை விரைவுபடுத்தினால் நகைச்சுவைக்கு முன் அவர் விடும் சிறு மௌனம் நசுங்கிப்போகும். கோஸி கதையின் நகைச்சுவை முழுக்க அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வேண்டுமானால் 0.05 அளவாகக் கூட்டிப் பாருங்கள்.

ஒலியளவையும் ஒருமுறை சரிசெய்யுங்கள். ஏ.சி.எக்ஸ் தளத்தின் விதிப்படி ஒரு பதிவின் சராசரி ஒலியளவு மைனஸ் 23 டெசிபெல்லுக்கும் மைனஸ் 18 டெசிபெல்லுக்கும் இடையில் இருக்கலாம். இந்த 5 டெசிபெல் வேறுபாடே காதுக்கு நன்றாகத் தெரியும். பழையவர் நெருங்கியிருந்து பேசியதுபோலவும் புதியவர் எட்ட நின்று பேசுவதுபோலவும் தோன்றினால், காரணம் நடிப்பாக இல்லாமல் ஒலியளவாகவும் இருக்கலாம்.

இனி முக்கியமான வேலை. ஒரு தாளை எடுத்து மாந்தர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பழைய குரலில் அவரை எதைக் கொண்டு கண்டுகொண்டீர்கள் என்று ஒரு சொல்லில் குறியுங்கள். தாழ்ந்த குரலா, இழுத்துப் பேசும் பேச்சா, ஊர்வழக்கா, சிரிப்பா? எழுத உட்காரும்போதுதான், சிலருக்கு அப்படி ஓர் அடையாளமே நம் நினைவில் இல்லை என்பதும் அவர்களை வசனத்தைக் கொண்டே கண்டுகொண்டிருக்கிறோம் என்பதும் புலப்படும். அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மற்றவர்களுக்குப் புதிய குரல் தரும் அடையாளத்தைக் கேட்கக் கேட்க அடுத்த நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது.

ஆஸ்மனின் தொடரில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கென்ட் மாவட்டத்தில் கூப்பர்ஸ் சேஸ் என்ற முதியோர் குடியிருப்பு. அங்கே ஜிக்சா ரூம் என்ற அறையில் வியாழக்கிழமைதோறும் நால்வர் கூடித் துலங்காத பழைய வழக்குகளை ஆராய்கிறார்கள்: உளவுத்துறையில் இருந்த எலிசபெத், செவிலியராக இருந்த ஜாய்ஸ், மனநல மருத்துவர் இப்ராஹிம், தொழிற்சங்கத் தலைவராக இருந்த ரான். பெரும்பாலான அத்தியாயங்களை ஆசிரியரே படர்க்கையில் சொல்கிறார். இடையிடையே ‘ஜாய்ஸ்’ என்று தலைப்பிட்ட அத்தியாயங்கள் வரும். அவை ஜாய்ஸ் எழுதும் நாட்குறிப்பு. ஆக, வாசிப்பாளருக்கு இங்கே இரட்டை வேலை: கதை சொல்லும் பொதுக்குரல் ஒன்றும் ஜாய்ஸின் சொந்தக் குரல் ஒன்றும் வேண்டும்.

மேன்விலின் வாசிப்பில் ஜாய்ஸ் என் காதில் முதலில் வந்து அமர்ந்தார். வெகுளிபோலப் பேசி, கேக்கைப் பற்றியும் மகள் ஜோயன்னாவைப் பற்றியும் சொல்லிக்கொண்டே ஒரு கூர்மையான உண்மையைப் போகிற போக்கில் வைத்துவிட்டுப் போகும் அந்தக் குரலைச் சுற்றியே மற்ற மூவரையும் நான் அமைத்துக்கொண்டிருந்தேன். ஷாவின் வாசிப்பில் முதலில் நிமிர்ந்து நின்றவர் எலிசபெத். ஷா ‘கில்லிங் ஈவ்’ தொலைக்காட்சித் தொடரில் உளவுத்துறை உயரதிகாரியாக நடித்தவர். அந்த நினைவும் என் காதில் கலந்திருக்கலாம். எதுவானாலும், நான் இன்னும் ஜாய்ஸை நடுவில் வைத்துக் கேட்க முயன்றுகொண்டிருந்தேன். பதிவோ எலிசபெத்தை நடுவில் வைத்திருந்தது. அந்த இழுபறிதான் என்னை நான்காம் அத்தியாயத்தோடு நிறுத்தியது.

இரண்டாம் முறை நான் செய்தது ஒன்றே. புதிய குரலில் யார் மிகத் தெளிவாக ஒலிக்கிறாரோ அவரைப் பிடித்துக்கொண்டேன். மற்றவர்களை அவருக்கு எதிராக வைத்துக் கேட்டேன். எலிசபெத் கட்டளையிடும்போது ரான் எப்படி முறைக்கிறார், இப்ராஹிம் எப்படி விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார், ஜாய்ஸ் எப்படிப் பேச்சை மாற்றுகிறார் என்று கேட்டதும் நால்வரும் ஒவ்வொருவராகத் தம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். இதையே நான் யாருக்கும் முதல் அறிவுரையாகச் சொல்வேன்: உங்களுக்குப் பிடித்த மாந்தரைத் தேடாதீர்கள், இந்த வாசிப்பாளருக்குப் பிடிபட்ட மாந்தரைத் தேடுங்கள்.

மாறிய குரல் நமக்குப் புதிதாக எதையேனும் தரும் இடம் எது என்றும் கேட்டுவையுங்கள். எலிசபெத்தின் கணவர் ஸ்டீபனுக்கு மறதி நோய். போலந்திலிருந்து வந்த போக்டான் அவரோடு சதுரங்கம் ஆட வருவார். அந்தக் காட்சிகளில் பேச்சு குறைவு. ஸ்டீபன் ஒரு பெயரைத் தேடி நிற்பதும் போக்டான் அதைப் பொருட்படுத்தாமல் காயை நகர்த்துவதும்தான் எல்லாம். ஷா அங்கே ஸ்டீபனின் தடுமாற்றத்தைக் குரலை நடுங்கவைத்துக் காட்டவில்லை. படித்த, கண்ணியமான ஒரு மனிதரின் குரலைக் குலைக்காமல் வைத்துக்கொண்டு, சொல் வர வேண்டிய இடத்தை மட்டும் சற்றுக் காலியாக விட்டதுபோல எனக்குக் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டேன். புதிய குரலை நான் ஏற்றுக்கொண்ட இடம் அதுதான்.

கவனத்தைப் பற்றி ஒரு சொல். முதல் ஒரு மணி நேரத்தையாவது வேறு வேலை இல்லாமல் கேளுங்கள். பழகிய குரலாக இருந்தால் பாதிக் காதே போதும். புதிய குரலுக்கு முழுக் காதும் தேவை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நமக்கு இது இன்னும் பொருந்தும். லண்டன் உழைப்பாளர் பேச்சையும் மேட்டுக்குடிப் பேச்சையும் நாம் வேறுபடுத்திக் கேட்கக் கற்றதே பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வாசிப்பாளரின் நாவிலிருந்துதான். அவர் போனதும் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. மின்னூல் கையில் இருந்தால் முதல் மூன்று அத்தியாயங்களை எழுத்தோடு சேர்த்துக் கேளுங்கள். இன்னார் சொன்னார் என்பது கண்ணில் படுவதால் குரலும் ஆளும் விரைவில் ஒட்டிக்கொள்ளும்.

பெயர் உச்சரிப்பு மாறுவது மிகச் சிறிய மாற்றம், ஆனால் மிக எரிச்சலூட்டும் மாற்றம். போட்ஸ்வானாத் தொடரில் பெண்களை ‘ம்மா’ என்றும் ஆண்களை ‘ர்ரா’ என்றும் மரியாதையாக விளிப்பார்கள். இவை பக்கத்துக்குப் பக்கம் வருபவை. ஒரு வாசிப்பாளரின் வாயில் பழகிய ‘ம்மா’ இன்னொருவரின் வாயில் சற்று நீண்டாலும் ஒவ்வொரு முறையும் காதில் இடறும். இதற்கு நான் கண்ட வழி, புதிய உச்சரிப்பை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பார்ப்பது. நாக்கு ஏற்றுக்கொண்டால் காதும் ஏற்றுக்கொள்ளும்.

எப்போது விட்டுவிடலாம்

எல்லா மாற்றமும் நல்ல மாற்றம் என்று நான் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கடந்தும் முக்கிய மாந்தர் இருவரைக் குரலால் பிரித்தறிய முடியவில்லையென்றால் வாசிப்பில் குறை இருக்கிறது. வேற்றுநாட்டவர் பேசும்போதெல்லாம் அவர்களைக் கேலிக்குரியவர்களாக ஆக்கும் உச்சரிப்பு வந்தால், அது மாந்தருக்கும் நமக்கும் இழைக்கும் அவமதிப்பு. போக்டான் போன்ற ஒருவரை வெறும் உச்சரிப்பாகச் சுருக்கிவிட்டால் கதையின் அன்பே போய்விடும். குற்றவாளி நுழைந்த கணமே குரலில் நஞ்சைக் கலந்து காட்டிக்கொடுக்கும் வாசிப்பு துப்பறியும் கதைக்கே எதிரானது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தயங்காமல் நிறுத்திவிட்டு அச்சு நூலுக்குச் செல்லுங்கள். பழைய வாசிப்பாளரின் குரல் உங்கள் மனத்தில் இருக்கிறது. படிக்கும்போது அதுவே கேட்கும்.

“பழையவர்போல இல்லை” என்பது மட்டும் குறையாகாது. அகதா கிறிஸ்டியின் பொய்ரோ கதைகளை, 1989-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் பொய்ரோவாக நடித்த டேவிட் சூஷேவும் வாசித்திருக்கிறார். அதில் ஹேஸ்டிங்ஸாக நடித்த ஹியூ ஃப்ரேசரும் வாசித்திருக்கிறார். ஹேஸ்டிங்ஸ் தன் வாயால் சொல்லும் கதையை ஃப்ரேசர் வாசிக்கும்போது, பொய்ரோவை வியந்து பார்க்கும் நண்பரின் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். சூஷே வாசிக்கும்போது பொய்ரோவே அறைக்குள் வந்துவிடுகிறார். இரண்டையும் கேட்டவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

கேட்டு முடித்தபின் கருத்து எழுதுவீர்களானால், எத்தனை மணி நேரம் கேட்டீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். கதையைப் பற்றிய கருத்தையும் வாசிப்பைப் பற்றிய கருத்தையும் தனித்தனியே எழுதுங்கள். குரல் பிடிக்காத கோபத்தில் நூலுக்கு ஒற்றை நட்சத்திரம் போடும்போது அந்த அடி ஆசிரியர்மீதும் விழுகிறது; அடுத்து வருபவருக்கும் எதில் குறை என்பது தெரியாமல் போகிறது.

தொடரைப் புதிதாகத் தொடங்குபவர்கள், நடுவில் குரல் மாறும் என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. முதல் நூலிலிருந்தே வரிசையாகக் கேளுங்கள். ஏற்கெனவே கேட்டவர்களுக்கு என் பரிந்துரை ஒன்று உண்டு. புதிய குரலில் இரண்டு நூல்கள் முடிந்தபின் முதல் நூலுக்குத் திரும்பி, பழைய குரலில் ஓர் அத்தியாயம் கேட்டுப் பாருங்கள். நான் ஜாய்ஸின் முதல் நாட்குறிப்பை மறுபடி கேட்டேன். மேன்விலின் ஜாய்ஸ் அதே கனிவோடு இருந்தார். ஆனால் ஷா எனக்குக் காட்டியிருந்த எலிசபெத் இப்போது அந்த அறையின் மறுகோடியில் உட்கார்ந்து, ஜாய்ஸ் என்ன எழுதுகிறார் என்று கவனித்துக்கொண்டிருந்தார்.